பிறந்ததற்கு ஒரு தாள்: கிள்ளானும் பிரிக்பீல்ட்ஸும், 1989

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. "எங்கள் ஐயா மலாயாவில் இருந்தவர். அவர் பெட்டியில் யார் யாருடைய தாள்களோ கிடக்கின்றன. அங்கே போனால் உரியவரைக் கண்டுபிடிக்க முடியுமா?" முடியும். நான் ஒருமுறை போயிருக்கிறேன். இணையம் இல்லாத காலம், கைப்பேசி இல்லாத காலம். ஒரு காரைக்குடிப் பள்ளிக்கூட டீச்சர் தனியாகப் போய்வர முடிந்தது என்றால் உங்களால் முடியாதா என்ன? போன கதையைச் சொல்கிறேன், செலவுக் கணக்கோடு. கணக்கு பழையது, வழி பெரும்பாலும் அதேதான்.

1989 மே மாதம், கோடை விடுமுறை. அப்பச்சி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம்.) அவர் இளமையில் கிள்ளானில் எங்கள் சமூகத்தார் நடத்திய வட்டிக்கடை ஒன்றில் மேலாளாக இருந்தவர். ஜப்பான்காரன் காலம் முழுக்க அங்கேயே மாட்டிக்கொண்டு, சண்டை முடிந்து 1946 கடைசியில் ஊர் திரும்பியவர். பிப்ரவரியில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் முகவரி. அழகான தமிழ்க் கையெழுத்து, அளவெடுத்து வரைந்தது போல ஒரே சீரான எழுத்துகள்.

"1942-ல் கிள்ளான் கடையில் தங்களிடம் ஒரு உறை ஒப்படைத்தேன். யுத்தத்தில் அது எரிந்துபோயிற்று என்று பிறகு அறிந்தேன். ஆனாலும் ஒருதரம் தங்களையே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். எனக்கு அது இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது. கமலா நடராஜா."

உறை எரியவில்லை. அப்பச்சியின் தேக்குப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில், மெழுகுத் துணியில் சுற்றி இருந்தது. உள்ளே ஒரு பாஸ்போர்ட். அட்டையில் கழுகு, ஸ்வஸ்திகம். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு ஜே எழுத்து. யூதர் என்பதற்கு ஜெர்மானியர் குத்திய அடையாளம் அது என்று பள்ளிக்கூட வரலாறு வாத்தியாரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வியன்னாவில் பிறந்த ஹன்னா என்ற பெண். புகைப்படத்தில் இருபது வயதிருக்கும், யாரோ அதட்டி நிமிர்த்தி உட்காரவைத்த மாதிரி ஒரு முகம்.

என் கணவர் பதிவுத் தபாலில் அனுப்பிவிடச் சொன்னார். ஒரு மணியார்டரையே ஊர் மாற்றிக் கொடுத்த தபால்காரரை எனக்குத் தெரியும். ஐம்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை அவர் பையில் போட மனம் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் கமலாவுக்கு ஒரு வரி எழுதினேன். சென்னையிலிருந்து விமானம், போக வர 6,240 ரூபாய். அதற்காக எதை அடகு வைத்தேன் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம்.

சுபாங் விமான நிலையத்தில் காலை 7.40-க்கு இறங்கினேன். உள்ளேயே டாக்சிச் சீட்டு விற்கிறார்கள், பிரிக்பீல்ட்ஸுக்கு 16 வெள்ளி. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள், அப்போது ஒரு வெள்ளி சுமார் ஆறு ரூபாய். சுமார் இருபது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். ஓட்டுநர் தமிழர். என் பெட்டியைவிட என் சேலைக் கட்டைத்தான் அதிகம் பார்த்தார்.

"தமிழ்நாடா அக்கா? கோயிலுக்கு வந்தீங்களா, சொந்தக்காரங்கள பாக்க வந்தீங்களா?"

"ஒருத்தர் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்."

"இதுக்கா பிளைட் ஏறி வந்தீங்க? நல்லா இருக்கு லா. எனக்கு ஒரு ஆளு பக்கத்து தாமான்ல இருக்கான், ரெண்டு வருஷமா என் ஏணிய திருப்பித் தரல." (தாமான் என்றால் அங்கே குடியிருப்பு.)

ரயில் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த ஒரு விடுதியில் இறக்கிவிட்டார். தனி அறை, மின்விசிறி, பொதுக் குளியலறை, நாளைக்கு 28 வெள்ளி. சுத்தமாக இருந்தது. தனியாக வரும் பெண்கள் பிரிக்பீல்ட்ஸில் தயங்காமல் தங்கலாம். தெருவுக்குத் தெரு தமிழ் கேட்கும், பூக்கடையும் இட்லிக்கடையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும்.

கமலா வீடு அங்கிருந்து பத்து நிமிட நடைதான். ஆனாலும் முதலில் கிள்ளானுக்குப் போனேன். அப்பச்சி வேலை பார்த்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை ஒன்று. இன்னொன்று, ஒரு உறுத்தல். அந்தம்மா எரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார், எங்கள் வீட்டிலோ பொருள் பத்திரமாக இருக்கிறது. யார் யாரிடம் பொய் சொன்னது? அடுத்தவர் பொருளைத் திருப்பாமல் வைத்திருந்தவர் என்று என் தகப்பனைப் பற்றி ஒரு சொல் வந்தால், பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

புதன்கிழமை காலை 8.15-க்கு மினி பஸ்ஸில் 50 காசு கொடுத்துப் பேருந்து நிலையம், அங்கிருந்து கிள்ளானுக்கு 1 வெள்ளி 20 காசு. முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பந்திங் போகிறவர், கிள்ளானில் மாறவேண்டும். மடியில் ஒரு கூடை நிறைய ரம்புத்தான். இறங்குவதற்குள் பத்துப் பழமாவது உரித்துக் கொடுத்திருப்பார். வேண்டாம் என்று சொன்னால் அவருக்குக் கேட்காது.

கடை இருந்த தெரு ஆற்றிலிருந்து ஐந்து நிமிடம். முன்பக்கம் இப்போது துணிக்கடை. பின்கட்டில் மட்டும் பழைய கைப்பெட்டி மேசைகளும் சாமி படங்களும் அப்படியே இருந்தன. அங்கே வெள்ளையப்பன் என்று ஒரு பெரியவர், எண்பதை நெருங்கியவர், அப்பச்சியின் கீழ் அடுத்தாளாக இருந்து அங்கேயே தங்கிவிட்டவர். யாருடைய மகள் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். உறையை எடுத்துக் காட்டியதும் கையை விட்டுவிட்டார்.

"இத உங்கப்பச்சி இன்னும் வச்சிருந்தாகளா?"

"திருப்பிக் கொடுக்கலையே அண்ணே, ஏன்?"

"கொடுக்கத்தானே ஆத்தா போனோம். ஊருக்குக் கப்பலேறுறதுக்கு முன்னால, நாற்பத்தாறுல. நானும் கூடப் போனேன், ரயில்ல. அந்த நடராஜா இங்க கிள்ளான் ஸ்டேஷன்ல கிளார்க்கா இருந்தவரு, எங்களுக்கு நல்ல பழக்கம். அவருதான் அந்தப் பொண்ண இங்க கூட்டியாந்து உறையக் கொடுக்க வச்சது. நாங்க போனப்போ பிரிக்பீல்ட்ஸ்ல குவார்ட்டர்ஸ். வாசல்லயே நிறுத்திட்டாரு. 'அப்பிடி ஒரு ஆள் இப்ப இல்லை, அதை எரிச்சுப்போடுங்கோ'ன்னு யாழ்ப்பாணத் தமிழ்ல பேசினாரு."

"இல்லைன்னா? செத்துப்போச்சுன்னு அர்த்தமா?"

"எங்கே செத்துச்சு! உள்ளே உக்காந்து சொளகுல அரிசி புடைச்சிட்டிருந்துச்சு. வெள்ளைக்காரப் பொண்ணு, சேலை கட்டி, குங்குமம் வச்சு. நான் பாத்தேன், உங்கப்பச்சியும் பாத்தாக. சன்னல் தொறந்துதானே இருந்துச்சு."

"பாத்துட்டுமா சும்மா வந்தீங்க?"

பெரியவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அடுத்தவன் வீட்டுப் பொம்பளையப் பேர் சொல்லி எப்படி ஆத்தா கூப்பிடறது? வீட்டுக்காரரு வேணாம்னுட்டாரு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஆனா எரிக்க உங்கப்பச்சிக்கு மனசு வரல. 'ஒப்படைச்சது அந்தப் பொண்ணு, அது சொன்னாத்தான் எரிப்பேன்'னாக."

பேருந்தில் திரும்பும்போது எனக்கு அப்பச்சி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எரிக்கத் தெரியாத நல்ல மனுஷர், ஒரு குரல் கொடுக்கத் தெரியாத நல்ல மனுஷர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு 3 வெள்ளி, நன்றாக இருக்கும் என்கிறார்கள். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் நரைத்த கொண்டையும் நூல் சேலையும் நீலக் கண்ணுமாக இருந்தார். நெற்றியில் விபூதி, அதன் கீழே குங்குமம். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை.

"காரைக்குடிப் பிள்ளையோ? வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. வெயிலுக்க நிண்டுகொண்டு. கோப்பி குடிக்கிறியளோ?"

வியன்னாக்காரி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். மாமியாரிடம் கற்ற தமிழாம். என் தமிழை அவர் இரண்டு இடத்தில் திருத்தினார், நான் தமிழ் டீச்சர் இல்லை, பூகோள டீச்சர் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கணவர் நடராஜா சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுபத்தெட்டு வயது, ரயில்வேயில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எழுந்து நின்று வரவேற்றார். என் மடியிலிருந்த உறையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தம்மா மெழுகுத் துணியைப் பிரித்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து புகைப்படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பெயரில் விரல் வைத்தார்.

"இதிலை ஹன்னா சாரா எண்டு கிடக்குது, பாத்தியளோ? சாரா என்ர பேர் இல்லை. யூதப் பொம்பிளையள் எல்லாருக்கும் அந்தப் பேரைச் சேர்த்து எழுதினவங்கள். ஆரெண்டு உடனை தெரியவேணும் எண்டு."

அவர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் எரிக்கும் இவரும் 1939-ல் கப்பலேறித் தப்பி சிங்கப்பூர் வந்தார்கள். வந்த இடத்தில் ஆங்கிலேயர்கள் அண்ணனைப் பிடித்தார்கள், கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்ததால் எதிரி நாட்டுக்காரன் என்று. ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தவனை ஹிட்லர் ஆள் என்று ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். இவர் பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத் துரை வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தார், துரை சிபாரிசு செய்து காப்பாற்றினார். ஜப்பானியர் வந்தபோது துரை குடும்பம் காரேறி ஓடியது. காரில் இவருக்கு இடம் இல்லை. நடந்தும் லாரியிலும் கிள்ளான் ஸ்டேஷன் வந்து, ஓடாத ரயிலுக்கு டிக்கெட் கேட்டார். டிக்கெட் சன்னலுக்குப் பின்னால் நடராஜா இருந்தார்.

யூதர்களையும் ஜப்பானியர் பிடித்து அடைக்கத் தொடங்கியபோது நடராஜா இவரைத் தன் மனைவி என்றார். இலங்கைப் பறங்கிப் பெண், டச்சுக்காரக் கலப்பு, அதனால்தான் வெள்ளை என்று ஊரை நம்பவைத்தார். கமலா என்று பெயர் வைத்தார். தாய் தகப்பனுக்குக்கூட அதே கதையைத்தான் சொன்னார். கோயிலில் தாலி கட்டினார். பிடிபட்டிருந்தால் இரண்டு தலையும் போயிருக்கும். அதை மறந்துவிட்டு இந்தக் கதையை யாரும் படிக்கக் கூடாது.

அண்ணன் கப்பல் கடலில் மூழ்கிவிட்டதாகக் கேள்வி. அப்படியே நாற்பத்தெட்டு வருடம் போயிற்று. போன வருடம் மெல்பர்னில் படிக்கும் பேத்தி, விளையாட்டுப்போலத் தொலைபேசிப் புத்தகத்தில் பாட்டியின் குடும்பப் பெயரைத் தேடினாள். ஒரே ஒருவர் இருந்தார். எரிக். பக்கவாதத்தில் விழுந்தவர், பேச்சு பாதி போனவர், பயணம் செய்ய முடியாதவர்.

"நான்தான் போகவேணும். ஆனா போக எனக்கு ஒரு கடதாசி இல்லை" என்றார் அந்தம்மா.

அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. அதில் "கமலா, நடராஜாவின் மகள்" என்று இருந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம். நான் இரண்டு முறை படித்தேன். கணவருக்கே மகள்!

இது எப்படி நடந்தது என்று தமிழர்களான நமக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாணமானால் நம் பெயரிலிருந்து அப்பா பெயர் கழன்று கணவர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அந்த நாட்டிலோ இந்தியப் பெண் என்றால் முதல் பெயர் அவளுடையது, அடுத்தது தகப்பனுடையது, நடுவில் "மகள்". சண்டைக்குப் பிறகு ஊர் முழுக்க அட்டை எழுதியபோது "கமலா நடராஜா" என்று சொல்ல, எழுதியவர் வழக்கப்படி நடுவில் மகளைப் போட்டுவிட்டார். இன்றைக்கு, ஒரே ஆளுக்கு மனைவியும் மகளுமாக ஒரு பெண் பயணப் பத்திரம் கேட்டால் எந்த அதிகாரி கொடுப்பார்? யாழ்ப்பாணத்தில் பிறந்ததற்கும் பதிவு இல்லை. கடைசியாக ஒரு இளம் அதிகாரி, தன்மையாகத்தான், ஒன்று கேட்டாராம்: "ஆன்டி, நீங்க பிறந்ததுக்கு ஒரே ஒரு பேப்பர் இருக்கா?"

அந்தப் பேப்பர்தான் இப்போது அவர் மடியில் இருந்தது. அவர் அதை மூடிவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"ஒண்டு கேக்கட்டோ பிள்ளை? கோவிக்காதையுங்கோ. உங்கட அப்பா இவ்வளவு பத்திரமா வச்சிருந்தவர். ஏன் எனக்குக் கொண்டுவந்து தரேல்லை?"

நடராஜா என்னைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அப்பச்சி பெயர் பிழைக்கும், இவர்கள் வீடு என்னாகும்? "தெரியலைம்மா" என்றேன். வாழ்நாளில் பிள்ளைகளை எத்தனையோ முறை பொய் சொன்னதற்காக வெளியே நிறுத்தியிருக்கிறேன். அன்று என்னை நிறுத்த யாரும் இல்லை. வெளியே வந்து விடுதிவரை அழுதுகொண்டே நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் சத்தியப் பிரமாணம் எழுதப் போனோம். பாஸ்போர்ட்டில் இருப்பவரும் அட்டையில் இருப்பவரும் ஒரே ஆள்தான், அட்டையிலுள்ள தகப்பன் பெயர் தவறு என்று நடராஜா சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். நகரின் பழைய பகுதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் சத்தியப் பிரமாண ஆணையர், நாற்பது வயதுத் தமிழர். டாக்சி 4 வெள்ளி, ஆணையர் கட்டணம் 4 வெள்ளி, தட்டச்சுக்குத் தனியாக 10 வெள்ளி. இப்படிப்பட்ட வேலைக்குக் காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகங்கள் நெடுநேரம் மூடியிருக்கும்.

தட்டச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிறந்த ஊர், கப்பல், தோட்டம், தாலி. ஆணையர் நிறுத்தி என்னைக் கேட்டார்.

"இந்த பாஸ்போர்ட் இவ்ளோ வருஷம் யாரு கிட்ட இருந்துச்சு, ஏன் ஓனர் கிட்ட திரும்ப வரல? அத ஒரு பேரா போட்டாதான் நம்புவாங்க லா, அக்கா. இல்லாட்டி எங்கேயோ வாங்கிட்டு வந்தாங்கன்னு சொல்வாங்க."

நான் வாயைத் திறந்தேன். நடராஜா கையை உயர்த்தினார்.

"நான் சொல்லுறன். எழுதும். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டு அந்தச் செட்டியார் இதைக் கொண்டு என்ர வீட்டு வாசலுக்கு வந்தவர். நான் வாங்கேல்லை. எரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினனான். மனிசிக்கு அது யுத்தத்திலை எரிஞ்சுபோச்சு எண்டு பொய் சொன்னனான்."

ஆணையர் விரல்கள் தட்டச்சு விசைகள் மேலேயே நின்றன. "அங்கிள்... இத டைப் பண்ணட்டுமா, வேணாமா?"

"பண்ணும். என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லியெல்லோ இருத்தி வச்சிருக்கிறியள். இன்னும் கிடக்கு. அட்டை எழுதினவர் நடுவிலை மகள் எண்டு போட்டதை நான் அப்பவே பார்த்தனான். திருத்தச் சொல்லேல்லை. அதுவும் என்ர பிழைதான்."

வாசலில் நின்று பொய் சொல்ல முடிந்த மனிதருக்கு முத்திரைத் தாளில் பொய் சொல்ல முடியவில்லை. நாற்பது வருடம் கோப்பு எழுதிய கை அது. கமலா அவரைப் பார்த்துக் கேட்டார், குரல் உயரவே இல்லை.

"ஏன்?"

"கடதாசி கையிலை இருந்தா நீ போயிடுவாய் எண்டு பயந்தனான்."

"நான் எங்கை போறது? எனக்கு ஆர் இருந்தவை?" என்றார் அவர். "என்ர பேரிலை ஒரு கடிதம் போட்டிருப்பன். அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவுக்கு ஒண்டு, வியன்னாவுக்கு ஒண்டு. எரிக் நடக்கேக்கையே, கதைக்கேக்கையே கிடைச்சிருப்பான். அம்மாவைத் தேடியும் போட்டிருப்பன். ஒருத்தன் வெறுப்பிலை எனக்குப் பேர் வச்சான். நீங்கள் பயத்திலை வச்சீங்கள். ரண்டு பேரும் என்னைக் கேக்கேல்லை."

நடராஜா கையெழுத்துப் போட்டார். நடுங்காத, வரிசையான கையெழுத்து. பேனாவை மூட மட்டும் இரண்டு மூன்று முறை முயன்றார். திரும்பும் டாக்சியில் கமலா முன்னிருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் நானும் நடராஜாவும், இடையில் என் கைப்பை. வீடு வந்ததும் அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டு, "அப்பாவைப் பற்றிப் பிழையா நினைச்சிட்டன் பிள்ளை" என்றார். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. சன்னல், சொளகு, அரிசி என்று வெள்ளையப்பன் சொன்னதை எல்லாம் சொல்லிவிட்டேன். அப்பச்சியைக் காப்பாற்றி நல்லவராக்கி வைத்துவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. "ரண்டு பேர் வந்து நிண்டது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அந்தம்மா. "பால் கணக்குக்கு வந்தவை எண்டு நினைச்சன்."

திங்கட்கிழமை தாள்களை உரிய அலுவலகத்தில் கொடுத்தோம், நடராஜா வரவில்லை. மூன்று நகல், நகலுக்கு 20 காசு, காத்திருப்பு இரண்டரை மணி நேரம். செவ்வாய்க்கிழமை நான் ஊர் திரும்பினேன். எட்டு நாளில் டிக்கெட் தவிர்த்து மொத்தச் செலவு 312 வெள்ளி, அதில் 40 வெள்ளி பிள்ளைகளுக்கு மிட்டாயும் ஒரு குடையும்.

டிசம்பரில் கடிதம் வந்தது. பயணப் பத்திரம் கிடைத்து மெல்பர்ன் போய் ஆறு வாரம் இருந்தாராம். "எனக்கு ஜெர்மன் மறந்துபோயிற்று. அவனுக்கு வாய் வரவில்லை. முதல் நாள் நான் பதற்றத்தில் அவனிடம் தமிழில்தான் கதைத்தேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். திரும்பி வந்துவிட்டேன். இவருக்குச் சமைத்துக் கொடுக்கிறேன், மருந்து கொடுக்கிறேன். இன்னும் மன்னிக்கவில்லை, அது அவருக்கும் தெரியும்." அண்ணன் அடுத்த வருடம் இறந்துபோனார். கமலாவும் நடராஜாவும்கூட இப்போது இல்லை.

பெட்டியில் தாள் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மூலத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள், கைப்பையில் கொண்டுபோங்கள். போவதற்கு முன் இரண்டு நகல் எடுத்து ஊரில் வையுங்கள். பழைய முகவரி மாறியிருந்தால் கோயில், ரயில் குடியிருப்பு, பழைய கடை என்று மூன்று இடத்தில் விசாரித்தால் போதும், நம்மவர்களுக்கு மூன்று தலைமுறை ஞாபகம் இருக்கும். பெண்ணின் தாளைத் தேடும்போது அப்பா பெயரிலும் தேடுங்கள், கணவர் பெயரிலும் தேடுங்கள். விடுமுறை நாள்களைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

இன்னொன்று உண்டு. தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில் கொடுங்கள். வாசலுக்கு வருபவர் எவ்வளவு மரியாதைப்பட்டவராக இருந்தாலும், "கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்" என்றாலும், "தேவையில்லை" என்றாலும், கூச்சப்படாமல் உள்ளே பார்த்து ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அன்று சன்னலுக்கும் அப்பச்சிக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.